கோந்திரியூ சரிவில் பிழைத்த வியோனியே

மணத்துக்குப் பெயர்பெற்ற வெள்ளை ஒயின் திராட்சைகளுள் வியோனியேவும் ஒன்று. பிரான்சின் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆற்றின் வலக்கரையில் உள்ள கோந்திரியூ இதன் பழைய நிலம். ரோமப் பேரரசர் புரோபஸ் 3ஆம் நூற்றாண்டில் டால்மேஷியாவிலிருந்து இக்கொடியை வரவழைத்தார் என்றொரு செவிவழிக் கதை உண்டு; அதற்குச் சான்று இல்லை. மரபணு ஆய்வின்படி, மொந்தேஸ் பிளான்ஷ் என்ற பழைய வெள்ளைத் திராட்சைக்கும் வியோனியேவுக்கும் இருப்பது பெற்றோர்–பிள்ளை உறவு. ரோன் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற கருந்திராட்சையான சிராவுக்கும் அந்த மொந்தேஸ் பிளான்ஷே தாய்.

கோந்திரியூவின் தோட்டங்கள் செங்குத்தான கருங்கல் சரிவுகளில் அமைந்தவை. சாந்து பூசாத கற்சுவர்களை எழுப்பி, அவற்றின் பின்னே குறுகிய படிநிலங்களை உண்டாக்கி, கொடிகளைக் கம்பு நட்டுக் கட்டுகிறார்கள். மண் மெல்லியது. பெருமழையில் அது கீழே அடித்துச் செல்லப்பட்டால், உழவர்கள் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

கொடியின் குணமும் எளிதானதல்ல. சீக்கிரம் துளிர்ப்பதால் வசந்தகால உறைபனியில் கருகும், சாம்பல் நோய் எளிதில் தாக்கும், காய்ப்பும் குறைவு. ஆப்ரிகாட், பீச், வெண்மலர்கள் ஆகியவற்றை நினைவூட்டும் மணம் பழம் நன்கு முற்றிய பிறகே சேரும். அதற்குள் சர்க்கரை ஏறிப் புளிப்பு இறங்கிவிடும். பறிக்கும் நாளைச் சரியாகத் தேர்வதுதான் இத்தொழிலின் முக்கியத் திறன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டி மீண்டும் நடலாம் என்றாலும், அத்தனை உழைப்பையும் செலவையும் சரிவு நிலம் திருப்பித் தரவில்லை. முதல் உலகப் போர் ஊரின் ஆண்களைக் கொண்டுபோனது. பின்னர் லியோன் பகுதித் தொழிற்சாலைகள் நிலையான கூலி தந்தன. சமநிலத்துப் பழமரங்களும் கூடுதல் வருவாய் தந்தன. 1936இல் ஷத்தோ-கிரியே என்ற சுமார் மூன்றரை ஹெக்டேர் தோட்டமும், 1940இல் கோந்திரியூவும் சட்டப்பூர்வப் பெயருரிமை பெற்றபோதும் வீழ்ச்சி நிற்கவில்லை. 1960களில் வியோனியே 20 ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில் ஒடுங்கியது.

அந்நிலையிலும் சில குடும்பங்கள் கொடியைக் கைவிடவில்லை. அவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் வெர்னே. 1953இல் தந்தையின் தோட்டத்தை ஏற்ற அவர், புதர் மண்டிய படிநிலங்களைத் திருத்தி மீண்டும் நட்டார். மற்றவர்களையும் நடத் தூண்டினார். அருகிலுள்ள கோத்-ரோத்தியிலும் வியோனியேவுக்கு இடம் இருந்தது. அங்கே சிராவுடன் 20 விழுக்காடு வரை இதைச் சேர்த்து நொதிக்கவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. செவ்வொயினுக்கு அது மலர்மணம் தருகிறது.

1980களில் நிலைமை மாறியது. 1980இல் ஆஸ்திரேலியாவின் யாலும்பா நிறுவனம் ஈடன் பள்ளத்தாக்கில் இதை நட்டது. கலிஃபோர்னியாவும் தென்பிரான்சின் லாங்தோக் பகுதியும் தொடர்ந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஒயின் வாரியம் 2011இல் இதைத் தன் அடையாளத் திராட்சையாக அறிவித்தது.

இன்று கோந்திரியூவில் மட்டும் சுமார் 200 ஹெக்டேரில் வியோனியே விளைகிறது. 1940ஆம் ஆண்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காத்தது. கொடியைக் காத்த பெருமை அந்தச் சில குடும்பங்களின் உழைப்புக்கே உரியது.