டி மார்கனின் வயதும் லூவேன் வீட்டு எண்ணும்

தர்க்க விதிகளுக்காக இன்றும் பாடநூல்களில் பேர் நிற்கும் அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. தம் வயதை அவர் புதிராகச் சொல்லிவைத்தார்: ஏதோ ஓர் ஆண்டில் அவருடைய வயதை அதே எண்ணால் பெருக்கினால் அந்த ஆண்டே வரும்.

வர்க்கம் என்பது இதில் வெளிப்படையாகவே இருக்கிறது. 42-இன் வர்க்கம் 1764, 43-இன் வர்க்கம் 1849, 44-இன் வர்க்கம் 1936. அவர் 19ஆம் நூற்றாண்டு மனிதர். அந்த நூற்றாண்டில் விழும் முழு வர்க்கம் 1849 ஒன்றுதான். 43-ஐக் கழித்தால் 1806. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அரை நிமிட வேலை.

1914 டிசம்பரில் ஸ்டிராண்ட் என்ற ஆங்கில இதழில் வந்த புதிர் வேறு மாதிரி. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசை எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அந்த வீட்டு எண் என்ன? கேம்பிரிட்ஜில் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த கணித மேதை ராமானுஜனுக்கு அவருடைய நண்பர் மகாலனோபிஸ் இதைப் படித்துக் காட்டினார். ராமானுஜன் அங்கேயே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இந்தப் புதிரில் வர்க்கம் என்ற பேச்சே இல்லை. நாம்தான் தோண்டி எடுக்க வேண்டும். கூட்டுத்தொகைகளைச் சமப்படுத்தினால், வீட்டு எண்ணின் வர்க்கம் மொத்த எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்று வரும். அதாவது, வீடுகளின் எண்ணிக்கையையும் அதற்கு அடுத்த எண்ணையும் பெருக்கிப் பாதியாக்கினால் முழு வர்க்கம் கிடைக்க வேண்டும். 288-ஐயும் 289-ஐயும் பாருங்கள்: 289 என்பது 17-இன் வர்க்கம், 288 என்பது 12-இன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. ஆகவே தெருவில் 288 வீடுகள். விடை 17 × 12, அதாவது 204. அந்த 17/12 என்பது 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கிவரும் பின்னங்களில் ஒன்று. அதற்கு முந்தைய 3/2, 7/5 இரண்டும் 8 வீட்டுத் தெருவுக்கு 6-ஐயும், 49 வீட்டுத் தெருவுக்கு 35-ஐயும் தருகின்றன. கேட்டவர் ஒரு தெருவைக் கேட்டார். ராமானுஜன் சொன்ன தொடர் பின்னம் எல்லாத் தெருக்களுக்குமான விடை.

இரண்டு புதிரிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை அமைவது எல்லை என்ற வேலி இருப்பதால்தான். லூவேன் தெருவுக்கு வேலி போட்டது புதிர் எழுதியவர். 49 வீடுகள் அதற்கு வெளியே போனது மயிரிழையில். டி மார்கனுக்கு அவர் ஆயுளே வேலி.

வேலியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தரம் தெரிகிறது. டி மார்கன் புதிர் உடனே சப்பென்று ஆகிவிடும்: அடுத்தடுத்த இரு எண்களின் பெருக்கமாக வரும் எந்தப் பிறந்த ஆண்டும் பொருந்தும். 1892, 1980, 2070 என்று அடுக்கலாம். (1980-இல் பிறந்தவர்கள் 2025-இல் 45 வயதைத் தொட்டதும் இதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கலாம்.) லூவேன் தெருவோ நீட்ட நீட்ட அரிதாகிறது. அடுத்த பின்னம் 41/29. அதற்கு 1681 வீடுகள் வேண்டும், வீட்டு எண் 1189.