கருவும் கணக்கும்

கருவில் உயிர் எப்போது தொடங்குகிறது? ஆஸ்டின் டவுனில் வளைகாப்பு நடத்தும் நம் இல்லங்களுக்கு இது புதிய வினா அன்று. மணிவாசகர் போற்றித் திருவகவலில் கருவின் இடர்களை மாதந்தோறும் எண்ணுகிறார். முதல் மாதத்து இடர், கரு இரண்டாகப் பிளவுறுதல் என உரைகாரர் விளக்குவர். அதனின்று பிழைத்ததும் உயிரே என்பது அவர் கருத்து.

1984-இல் இங்கிலாந்தின் வார்னாக் குழுவும் இப்பிளவையே எண்ணிற்று. ஆனால் 14 நாள் வரை கரு இரண்டாகக் கூடுமாதலின், அதுவரை அது தனியொரு ஆள் ஆகாது எனக் கொண்டு, ஆராய்ச்சிக்கு அந்நாளை எல்லையாக்கிற்று. உண்மை ஒன்று, தீர்ப்போ இரண்டு!

1998-இல் அமெரிக்கர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவினின்று ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களைப் பிரித்தார். பிணி தீரும் நம்பிக்கை பிறந்தது, கரு அழிந்தது. 2001-இல் அமெரிக்க அரசு நிதியுதவிக்கு ஏற்ற குருத்தணு வரிசைகளைப் பட்டியலிட்டபோது, நம் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் அதில் இடம்பெற்றது. இந்திய நெறிமுறைகளும் 14 நாள் எல்லையையும் பெற்றோர் இசைவையும் வலியுறுத்தின.

பதினான்கு என்பது இயற்கை எழுதிய எண்ணன்று. மாந்தர் வகுத்த வேலி. மகவு வேண்டிச் சென்ற பெற்றோர் எஞ்சிய கருவை ஈவது எளிய செயலன்று. அவர்தம் இசைவை வெறுங் கையொப்பமாகக் கருதலாகாது என்பதே நம் துணிபு.