லிஸ்டனும் கிளேயும்: இரண்டு ஒப்பந்தங்கள்



பனியன் கம்பெனி ஊரில் நடக்கும் நினைவுச் சொற்பொழிவில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்கு என்ன வேலை என்று, தலைப்பைக் கேட்ட இரண்டொரு தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முகமது அலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வியட்நாம் போருக்குப் போக மறுத்ததும் அதற்காகப் பட்டம் பறிக்கப்பட்டதும். அதற்கு முந்தைய காலம் ஒன்று உண்டு. 1960 அக்டோபர் முதல் 1964 பிப்ரவரி வரை, காஷியஸ் கிளே என்ற பெயரில் அவர் கூலிக்குச் சண்டை போட்ட காலம். அதை ஒரு தொழிலாளியின் வேலை வரலாறாகப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் படித்தால் அவர் வீழ்த்திய சன்னி லிஸ்டனையும் கூடவே படித்தாக வேண்டும்.

கிளே 1942இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பிறந்தவர். அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். 12 வயதில் சைக்கிள் திருட்டுப் போனதைப் புகார் செய்யப் போன இடத்தில், குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ஒரு போலீஸ்காரரிடம் சேர்ந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் தங்கம் வாங்கியபோது வயது 18.

ஊர் திரும்பியவரோடு லூயிவில்லின் 11 வெள்ளைப் பணக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். விஸ்கி, புகையிலை போன்ற தொழில்களில் பணம் பார்த்தவர்கள். ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்கு. கையெழுத்துப் போட்டதும் 10,000 டாலர். பயிற்சிச் செலவும் பயணச் செலவும் அவர்கள் பொறுப்பு. சண்டையில் வரும் வருமானத்தில் ஆளுக்குப் பாதி. அது போக 15 சதவீதத்தை ஒரு நிதியில் போட்டு வைப்பார்கள். 35 வயது ஆன பிறகோ, சண்டையை விட்டு விலகிய பிறகோதான் அதை அவர் தொட முடியும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுமங்கலித் திட்டம் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நம்மைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில், மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருகிறோம், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லித்தானே நம் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள்? அது அவர்கள் கூலியிலிருந்தே பிடித்த பணம். இரண்டே முக்கால் வருடத்தில் உடம்பு முடியாமல் திரும்பிய பிள்ளைக்கு அதுவும் இல்லை. தொழிலாளிக்குத் தன் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது, நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற பேச்சுக்கு லூயிவில் என்றும் பல்லடம் என்றும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அது மேடைப் பேச்சாகிவிடும். கிளேயின் ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. முன்பணம் கைக்கு வந்தது. அன்றைய அமெரிக்கக் குத்துச்சண்டைத் தொழிலில் அதைவிட யோக்கியமான ஒப்பந்தம் கிடைப்பது அரிது. அவர் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் இருந்ததால் கிடைத்த பேரம் அது. பதக்கம் இல்லாதவனுக்கு என்ன கிடைத்தது என்பதை லிஸ்டனிடம் பார்ப்போம்.

1960 அக்டோபர் 29 அன்று லூயிவில்லில் முதல் தொழில்முறைச் சண்டை. எதிராளி டன்னி ஹன்சேக்கர், மேற்கு வர்ஜீனியாவின் ஒரு சிற்றூரில் போலீஸ் தலைவர். ஆறு சுற்று, புள்ளிகளில் வெற்றி. அதன் பிறகு ஆர்ச்சி மூர் என்ற புகழ்பெற்ற வீரரின் கலிபோர்னியா முகாமுக்கு அனுப்பினார்கள். மூரும் கறுப்பர்தான். அவர் முகாமில் பயிற்சிக்கு வருபவர்கள் முறை வைத்துத் தரை கூட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். கிளே மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சில வாரங்களில் கிளம்பிவிட்டார். விளையாட்டு எழுத்தாளர்கள் இதைத் திமிர் என்று எழுதுகிறார்கள். விளக்குமாறு யார் கையில் இருக்க வேண்டும் என்பது பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்ட சமூகத்திலிருந்து வருகிற நமக்கு அப்படிப் படிக்கத் தோன்றாது. அவர் அம்மா வாழ்நாள் முழுக்கக் கூட்டிய தரை அது.

பிறகு மயாமியில் ஆஞ்சலோ டண்டியிடம் பயிற்சி. பயிற்சிக்கூடம் கடற்கரைப் பக்கம் மயாமி பீச்சில். தங்குவது கறுப்பர் பகுதியான ஓவர்டவுனில். இருட்டிய பிறகு கறுப்பர்கள் மயாமி பீச்சில் இருக்கக் கூடாது என்பது அந்தக் கால வழக்கம். பாலத்தின் வழியே தினமும் ஓடிக் கடந்த அந்த இளைஞனைப் போலீஸ் நிறுத்தி, திருடனா என்று விசாரித்தது. டண்டி வந்து நம்ம பையன்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. 1961இல் புகைப்படக்காரர் ஃபிளிப் ஷுல்கே அவரைப் படமெடுக்க வந்தபோது மயாமியின் பெரிய துணிக்கடை ஒன்றுக்குச் சட்டை வாங்கக் கூட்டிப்போனார். கறுப்பர்கள் சட்டையைப் போட்டுப் பார்க்கக் கூடாது, வாங்கினால் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். ஒலிம்பிக் தங்கம் வென்றவரின் உடம்பு பட்டால் சட்டை தீட்டாகிவிடும். நாள் முழுக்க ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் நம் கைபட்டுப் போகிற துணி எந்தக் கடைகளில் தொங்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று ஆண்டுச் சண்டைகளை விரிக்கப்போவதில்லை. எந்தச் சுற்றில் எதிராளி விழுவான் என்று முன்கூட்டியே அறிவிப்பது, கவிதை சொல்வது, வாய் ஓயாமல் பேசுவது என்று அவர் ஒரு பாணியை உண்டாக்கினார். 1961இல் லாஸ் வேகஸில் சந்தித்த கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரிடமிருந்து எடுத்தது அது. கூட்டம் தன்னை வெறுத்தாலும் டிக்கெட் வாங்கும் என்பதைப் புரிந்துகொண்டார். 1962 நவம்பரில் பழைய குரு மூரையே நான்காவது சுற்றில், சொன்னபடி வீழ்த்தினார். 1963 ஜூனில் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது கைக் குத்தில் தரையில் விழுந்து எழுந்து, ஐந்தாவது சுற்றில் ஜெயித்தார். 1964 தொடங்கும்போது 19 சண்டை, 19 வெற்றி.

இப்போது லிஸ்டன். ஆர்கன்சாவில் குத்தகைக்குப் பருத்தி விளைவித்த குடும்பத்தின் நிறையப் பிள்ளைகளில் ஒருவர். பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நம் வீடுகளிலும் தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த பிறந்த நாளோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர்! எழுதப் படிக்கத் தெரியாது. கொள்ளை வழக்கில் மிசௌரி சிறைக்குப் போனார். அங்கே ஒரு பாதிரியார் கையில் உறை மாட்டிவிட்டார். 1952இல் வெளியே வந்து அடுத்த ஆண்டு தொழில்முறைச் சண்டையில் இறங்கினார். அவரோடு ஒப்பந்தம் போட விஸ்கி முதலாளிகள் வரவில்லை. வந்தவர்கள் ஃபிராங்கி கார்போ, பிளிங்கி பலெர்மோ போன்ற மாஃபியா ஆட்கள். அவர் வருமானத்தில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. செயின்ட் லூயிஸ் போலீஸ் பார்த்த இடத்திலெல்லாம் பிடித்தது. 1956இல் ஒரு போலீஸ்காரரைத் தாக்கியதாக மறுபடி சிறை.

1962இல் உலகப் பட்டத்துக்காக ஃபிளாய்ட் பேட்டர்சனை எதிர்க்கும் முறை வந்தபோது, கறுப்பர் உரிமை இயக்கத்தின் தலைவர்களிலேயே சிலர் அந்தச் சண்டை வேண்டாம் என்றார்கள். ஜெயிலுக்குப் போனவன் நம் சமூகத்தின் முகமாக வந்துவிடக் கூடாது என்ற கவலை. லிஸ்டன் முதல் சுற்றிலேயே பேட்டர்சனை வீழ்த்தினார். சாம்பியனாகப் பிலடெல்பியா விமான நிலையத்தில் இறங்கியபோது வரவேற்க மக்கள் யாருமில்லை. சில நிருபர்கள் மட்டும் நின்றார்கள். படித்த, சட்டை கசங்காத ஆளைத்தான் மேடையில் உட்கார வைக்க வேண்டும் என்ற ஆசை நம் இயக்கங்களிலும் இருக்கிறது. அதனால் இந்த இடத்தை நான் சீக்கிரம் கடக்க விரும்பவில்லை. பெயர்ப்பலகை ஓவியரின் மகனுக்கும் குத்தகைக் கூலியின் மகனுக்கும் இடையே இருந்த தூரம் ஒரே நிறத்துக்குள் இருந்த தூரம். அந்தக் கூலியின் மகனைக் கிளே ‘அசிங்கமான கரடி’ என்று ஊர் ஊராகக் கேலி செய்தார். வெள்ளைப் பத்திரிகைகள் சிரித்தன. டிக்கெட் விற்கச் செய்தது என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

1964 பிப்ரவரி 25, மயாமி பீச். பந்தயக்காரர்கள் கிளேக்கு ஏழுக்கு ஒன்று என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் இருக்கையை விட்டு எழவில்லை. இஸ்லாம் தேசம் அமைப்போடு தனக்குள்ள தொடர்பைக் கிளே மறுநாள் வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் 6 அன்று முகமது அலி என்ற பெயர் கிடைத்தது. பத்திரிகைகள் பல ஆண்டுகள் கிளே என்றே எழுதின. ஊர்த்தெருச் சிறுவன் நம் தாத்தாக்களை எப்படிக் கூப்பிட்டான் என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பிடிவாதத்தின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. 1967இல் எர்னி டெரல் சண்டைக்கு முன் அவரைக் கிளே என்று அழைத்தார். ‘என் பெயர் என்ன?’ என்று கேட்டுக்கேட்டு 15 சுற்றும் அடித்தார் அலி. டெரலும் கறுப்பர்தான்.

1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் சேரிக்காரர்களும் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்த்த வடசென்னையில் அவர் பெயர் இன்றும் வீட்டுப் பெயர்போலப் புழங்குகிறது. லிஸ்டன் பெயரை அங்கேயும் யாரும் சொல்வதில்லை.

லூயிவில் ஒப்பந்தம் 1966 அக்டோபரில் முடிந்தது. அலி அதைப் புதுப்பிக்கவில்லை. லிஸ்டன் லாஸ் வேகஸில் தன் வீட்டில் இறந்து கிடந்ததை 1971 ஜனவரி 5 அன்று கண்டார்கள். பிறந்த நாளைப் போலவே இறந்த நாளும் நிச்சயமில்லை. கல்லறைக் கல்லில் பிறந்த ஆண்டு 1932 என்று போட்டிருக்கிறது. அதன் கீழே ‘ஒரு மனிதன்’ என்று இருக்கிறது.