சுவரில்லாத கொட்டகை: டாங்கிள்வுட் கோடை இசைவிழாவுக்குக் கூரை வந்த வரலாறு

சிம்பொனி இசைக்குழு வெட்டவெளியில் அமர்ந்து வாசித்தால் முதலில் காதுக்கு எட்டாமல் போவது வயலின். அரங்கத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பிக் கனம் சேர்க்கும். வெளியிலோ தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். போன ஒலி திரும்பி வராது. 1749-இல் லண்டன் கிரீன் பார்க் வாணவேடிக்கைக்கு ஹேண்டல் எழுதிய இசையில் ஓபோ 24, பஸ்ஸூன் 12, டிரம்பெட் 9, ஹார்ன் 9. போர்க்கள இசைக்கருவிகளே ஒலிக்க வேண்டும் என்பது மன்னர் இரண்டாம் ஜார்ஜின் விருப்பம். வயலினை நம்பாத அந்த அமைப்பே வெட்டவெளிக்கும் தோதாக இருந்தது.

வயலின்களை நம்பி நிற்கும் பீத்தோவனையும் வாக்னரையும் வெளியில் வாசிப்பது வேறு சிக்கல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெர்க்‌ஷயர் மலைப்பகுதியில் நடக்கும் டாங்கிள்வுட் விழா அதை எப்படிக் கடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். செர்கே கூஸெவிட்ஸ்கி என்ற இசை நடத்துநரின் மேதைமையே அவ்விழாவை வளர்த்தது என்பார்கள். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். ஆனால் விழாவுக்கு உருவம் கொடுத்தவை மழையும் பணத் தட்டுப்பாடுமே என்பது என் துணிபு.

1934 ஆகஸ்டில் ஸ்டாக்பிரிட்ஜ் அருகே, ஒரு பண்ணையின் குதிரைத் திடலில், ஹென்றி ஹாட்லி நியூயார்க் பில்ஹார்மோனிக் கலைஞர்களைக் கொண்டு விழாவைத் தொடங்கினார். 1936-இல் கூஸெவிட்ஸ்கி நடத்திய பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு வந்தது. கூடாரத்தில் நடந்த மூன்று கச்சேரிகளுக்கு ஏறத்தாழ 15,000 பேர் திரண்டனர். பிறகு டாப்பன் குடும்பத்தார் 210 ஏக்கர் டாங்கிள்வுட் தோட்டத்தைக் கொடையாகத் தந்தனர். 1937 ஆகஸ்ட் 5 அன்று அங்கே முதல் கச்சேரி. முழுக்கப் பீத்தோவன், அதுவும் கூடாரத்தில்தான்.

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 12 மாலை, வாக்னர் நிகழ்ச்சி. 'ரியென்சி' முன்னிசை நடக்கும்போதே இடியும் மழையும் இறங்கின. கித்தான்மேல் பெருமழை கொட்டினால் கூடாரமே முரசாகிவிடும். வாசிப்பு இருமுறை நின்றது. 'சீக்ஃப்ரீட் ஐடில்' அடியோடு கைவிடப்பட்டது. மனைவியின் பிறந்தநாளுக்காக எழுதி, 1870 கிறிஸ்துமஸ் காலையில் வீட்டு மாடிப்படியில் ஒரு சிறு குழுவைக் கொண்டு வாக்னர் வாசிக்கவைத்த மென்மையான இசை அது. அந்த மழைக்கு அது எப்படி ஈடுகொடுக்கும்? இடைவேளையில் விழா நிறுவனர்களில் ஒருவரான கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் மேடையேறி, நிரந்தரக் கட்டடத்துக்குப் பணம் கேட்டார். நனைந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. எஞ்சிய இரு கச்சேரிகளில் துண்டறிக்கை கொடுத்தார்கள்; வேலையைத் தொடங்கும் அளவுக்கு விரைவிலேயே பணம் சேர்ந்தது.

ஃபின்லாந்தில் பிறந்த கட்டடக்கலைஞர் எலியல் சாரினென் வரைந்த முதல் திட்டம் 1,00,000 டாலர் வரம்பை வெகுவாக மீறியது. சுருக்கி வரைந்ததும் கட்டுப்படியாகவில்லை. இந்தத் தொகைக்குள் வெறும் கொட்டகைதான் கிடைக்கும், அதைக் கட்ட எந்தக் கொத்தனாரும் போதும், கட்டடக்கலைஞர் வேண்டியதில்லை என்று அவர் எழுதிவிட்டார். உள்ளூர்ப் பொறியாளர் ஜோசப் ஃபிரான்ஸ் அந்தத் திட்டத்தை மேலும் எளிதாக்கிக் கட்டினார். விசிறி வடிவத்தில் கூரை, தாங்க எஃகுத் தூண்கள், ஏறத்தாழ 5,000 இருக்கைகள், அதற்கப்பால் புல்வெளி. 1938 ஆகஸ்ட் 4 அன்று திறப்புவிழா நடந்தது. அலுப்பில் எழுதிய சொல்லே பெயராகி நிலைத்தது. இன்றும் அது 'ஷெட்'தான். சினிமாக் கொட்டகை என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தப் பெயரில் குறையொன்றும் தெரியாது.

பணமில்லாததால் சுவரும் இல்லை. சுவரில்லாததால் கூரைக்குள் அமர்ந்தவருக்கும் புல்லில் பாய் விரித்தவருக்கும் நடுவே தடுப்பில்லை. பெருந்திட்டம் நிறைவேறியிருந்தால் இந்தப் புல்வெளிக் கூட்டம் இவ்வளவு நெருங்கியிருக்குமா என்பது ஐயமே.

ஒலி மட்டும் முழுமையாகக் கைகூட 21 ஆண்டுகள் ஆயின. 1959-இல் போல்ட் பெரானெக் நியூமன் ஒலியியல் நிறுவனம் மேடைக்கு மேலே முக்கோணப் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டது. ஒலியில் ஒரு பங்கு பலகைகளில் பட்டு உடனே கீழிறங்கும். அதனால் கலைஞர்கள் ஒருவரையொருவர் தெளிவாகக் கேட்டு வாசிக்க முடிந்தது. மறுபங்கு இடைவெளிகள் வழியே மேலேறி, கூரையில் பட்டுத் தாமதமாகத் திரும்பிக் கார்வை தரும். அப்பணியில் அவர்களோடு கைகோத்த கட்டடக்கலை நிறுவனம் ஈரோ சாரினெனுடையது. கட்டடக்கலைஞர் வேண்டாம் என்று எழுதிய எலியலின் மகன் அவர்.