ஒரு சிப்பாயைக் கொடுக்கலாமா? செஸ் என்ஜினிடம் சரியாகக் கேட்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏதாவது ஒரு ஸ்கூல் ஹாலில் செஸ் டோர்னமென்ட் களைகட்டும். ரவுண்டு முடிஞ்சதும் வெளியே வந்து, எழுதி வெச்ச மூவ்களை மொபைலில் தட்டிப் பார்ப்பாங்க. ஆசையாகக் கொடுத்த சிப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி! 'போச்சு, தப்பா ஆடிட்டேன்' என்று அந்த ஐடியாவையே பலரும் மூட்டை கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. 2019-ல் இந்தியாவின் 61-வது கிராண்ட்மாஸ்டர் ஆன இனியன் நம்ம ஈரோட்டுக்காரர். அந்த உயரத்துக்கு ஆசைப்படுபவர்கள், என்ஜின் சொல்றதைக் கேட்டால் மட்டும் போதாது. அதைக் கேள்வி கேட்கவும் தெரியணும்.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது ஸ்டாக்ஃபிஷ். இலவசம். லிசெஸ் தளத்தில் பிரவுசரிலேயே ஓடும். பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கருப்புக்கு. முன்பெல்லாம் +1 என்றால் 'ஒரு சிப்பாய் அளவு முன்னிலை' என்று சொல்வார்கள். 2022 இறுதியில் வந்த 15.1 பதிப்பிலிருந்து கணக்கு மாறிவிட்டது. இப்போது +1 என்றால், சம பலமுள்ள இரண்டு என்ஜின்கள் அங்கிருந்து ஆடினால் வெள்ளை ஜெயிக்க சுமார் 50% வாய்ப்பு என்று அர்த்தம். கவனிங்க, அது மெஷினுக்கும் மெஷினுக்கும் நடக்கும் ஆட்டம். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனுஷன்!

ஆனந்த் விட்டுக்கொடுத்த சிப்பாய்

2008 அக்டோபர், ஜெர்மனியின் பான் நகரம். உலக சாம்பியன்ஷிப்பின் 3-வது ஆட்டம். கருப்பில் ஆடிய ஆனந்த், 14-வது மூவில் பிஷப்பை பி7 கட்டத்துக்கு நகர்த்தினார். பி5-ல் இருந்த சிப்பாய் அம்போ! கிராம்னிக் அதை வெட்டினார். அடுத்த மூவே ஆனந்தின் ரூக் ஜி8-க்கு வந்து, வெள்ளை ராஜாவுக்கு நேரே நின்றது. வீட்டில் அலசி ஆராய்ந்து கொண்டுவந்த ஐடியா அது. கிராம்னிக்கோ கடிகாரம் ஓட ஓட, பலகையில் முதல்முறையாக யோசிக்க வேண்டியிருந்தது. 41 மூவில் ஆனந்த் வெற்றி. 5-வது ஆட்டத்திலும் அதே பிஷப், அதே பி7, அதே ரிசல்ட்!

நீங்கள் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

1. என்ஜினை ஆன் பண்ணும் முன், ஏன் கொடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ராஜா மேல் அட்டாக்கா, காய்களுக்கு வழி திறக்கவா, நேரம் சம்பாதிக்கவா? காரணமே எழுத வரலைன்னா, அது தியாகம் இல்லை, கோட்டை விட்டது.

2. அவசரப்படாதீர்கள். 'டெப்த்' 15-ல் மோசமாகத் தெரியும் மூவ், 30-ஐத் தாண்டும்போது நல்ல மூவாக மாறலாம். சிப்பாய்க்கான பலன் பத்து மூவ் தள்ளி வரக்கூடியது.

3. ஒரே வரிசையைப் பார்க்காமல் 3 முதல் 5 வரிசைகளை ஆன் செய்யுங்கள். சிறந்த மூவ் +0.3, உங்கள் மூவ் 0.0 என்றால் நஷ்டம் சில்லறைதான். -1.5 என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

4. எதிராளி பக்கம் போய் உட்காருங்கள். சிப்பாயை வெட்டியபின் அவருக்கு ஒரே ஒரு மூவ்தான் தாங்குதா, இல்லை எதை ஆடினாலும் ஓகேவா? முதல் வகை, அவருக்குக் கஷ்டமான பரீட்சை. இரண்டாவது, சும்மா தூக்கிக் கொடுத்தது. அவர் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்.

5. அதே நிலையிலிருந்து ஒரு நண்பரோடு இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள். எது ஆட ஈஸி என்பது அப்போதுதான் புரியும்.

'0.0' என்றால் நிம்மதி இல்லை

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷ் - டிங் லிரென் கடைசி ஆட்டம். ஒரு சிப்பாய் குறைவாக இருந்த டிங்குக்கு, அந்த எண்ட்கேம் டிரா என்றுதான் என்ஜின்கள் காட்டின. ஆனால், அதை மூவ் மூவாகக் காப்பாற்ற வேண்டியது அவர்தான். 55-வது மூவில் ரூக்கை எஃப்2-க்கு வைத்தார். குகேஷ் ரூக்குகளையும் பிஷப்புகளையும் மாற்றிக்கொண்டதும், மிச்சமிருந்த அந்த ஒரு சிப்பாயே 18 வயதுப் பையனை உலக சாம்பியன் ஆக்கியது.

இன்னைக்கே ஒண்ணு ட்ரை பண்ணுங்க. ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் 'மார்ஷல் அட்டாக்' போட்டுப் பாருங்கள். 8-வது மூவில் கருப்பு டி5 ஆடி, இ5 சிப்பாயைத் தாரை வார்க்கும். 1918-ல் நியூயார்க்கில் கபாபிளாங்காவுக்கு எதிராக மார்ஷல் இதை ஆடித் தோற்றுப்போனார். இன்றைய என்ஜினோ, கிட்டத்தட்ட சமம் என்கிறது. நூறு வருஷம் தாண்டியும் கிராண்ட்மாஸ்டர்கள் அதை ஆடுகிறார்கள். அதனால், தோற்ற ஆட்டத்தில் கொடுத்த சிப்பாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். டோர்னமென்ட் நடக்கும்போது மொபைல் பாக்கெட்டில் இருந்தாலே ஆட்டத்தை இழக்க நேரிடலாம்!