தமயந்தியின் சேலையும் படக்கதை அட்டையும்

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவின் 'ஹம்ச தமயந்தி' இருக்கிறது. சிவப்புச் சேலை கட்டிய தமயந்தி அன்னத்தின் பக்கம் திரும்பி, நளனைப் பற்றி அது கொண்டுவந்த சேதியைக் கேட்கிறாள். ஓவியர் அவளைப் பேரழகியாகத்தான் தீட்டியிருக்கிறார். ஆனால் அவள் கவனமெல்லாம் அன்னத்தின் மேல். எதிரே நின்று பார்ப்பவரை அவள் பொருட்படுத்தவே இல்லை.

இதே கதையை அமர் சித்திரக் கதை படக்கதையாகவும் வெளியிட்டது. 1967இல் அனந்த் பை தொடங்கிய அந்த வரிசை ரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்கும் காலண்டர் ஓவியங்களுக்கும் பெரிதும் கடன்பட்டது. ஆனால் வழியில் எங்கேயோ சேலை கழன்றுவிட்டது. அதன் புராண நாயகியர் பலர் இறுக்கிய மார்புக் கச்சையும் வெற்றிடையுமாகவே வருகிறார்கள். பழஞ்சிற்பங்களில் அப்படித்தான் இருக்கிறது என்பது வழக்கமான சமாதானம். துப்பறியும் காமிக்ஸ் அட்டையில் இதே உடையைக் கண்டால் முகம் சுளிக்கும் பெற்றோர், சகுந்தலைக்கு மட்டும் விலக்கு அளித்துவிடுகிறார்கள்.

உடலில் எவ்வளவு தெரிகிறது என்பதே இளையோருக்கான பொருத்தத்தின் அளவுகோல் என்றால், அந்தக் கோலை முதலில் சோதிக்கவேண்டிய ஊர் திருவனந்தபுரம். தென்திருவிதாங்கூரின் தமிழ்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் அணியும் பாணியில் அணியக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாண்டு கழித்து, கிளிமானூரிலிருந்து ஒரு பதினான்கு வயதுச் சிறுவன் ஓவியம் கற்க இவ்வூர் அரண்மனைக்கு வந்தான். பின்னாளில் ரவிவர்மாவாகத் தெய்வங்களுக்கெல்லாம் சேலை கட்டிவிட்டவன் அவனே. இந்த மண்ணில் மறைப்பதும் திறப்பதும் ஒழுக்கத்தின் கணக்கில் மட்டும் இருந்ததில்லை. சாதியின் கணக்கிலும் இருந்தது. அந்த வரலாற்றைச் சொன்ன ஆடை பற்றிய பாடத்தை 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து நீக்கிவிட்டது. கச்சை கட்டிய நாயகியைப் பார்க்கலாமாம். கச்சைக்குப் பின்னால் உள்ள கதையைப் படிக்கக்கூடாதாம்.

சட்டமும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. படக்கதைகளை மனத்தில் வைத்தே இயற்றப்பட்ட சட்டம் ஒன்று நம்மிடம் உண்டு: இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம், 1956. அமெரிக்கக் குற்ற, திகில் காமிக்ஸ்கள் கிளப்பிய பீதியில் பிரிட்டன் 1955இல் செய்த சட்டத்தின் சாயல் அதில் தெரியும். குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பு ஆகியவற்றை அது பெயர்சொல்லிச் சுட்டுகிறது. பாலியல் சித்திரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை; அது பொதுவான ஆபாசச் சட்டப்பிரிவுகளின் பொறுப்பு.

அந்தப் பிரிவுகளை நீதிமன்றம் எப்படி வாசிக்கிறது என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2018இல் 'கிருகலட்சுமி' இதழ், ஒரு நடிகை குழந்தைக்குப் பாலூட்டும் படத்தை அட்டையில் போட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. ரவிவர்மாவின் ஓவியங்களைப் பார்க்கும் கண்ணோடுதான் இதையும் பார்த்தோம், ஆபாசம் எதுவும் தெரியவில்லை என்று கூறி நீதிபதிகள் மனுவைத் தள்ளினார்கள். தீர்ப்பு சரிதான். ஆனால், அழகைப் போல ஆபாசமும் பார்ப்பவர் கண்ணில்தான் போலும் என்ற அதன் தர்க்கம் சிறுவர் நூலுக்கு உதவாது. பத்து வயதுப் பிள்ளையின் கண் இனிமேல்தான் பழகவேண்டும். அதைப் பழக்குவதே அந்த அட்டைதான்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: அட்டையில் இருப்பவள் கதையில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாளா, வாங்குபவருக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாளா? 2014இல் மார்வெலின் 'ஸ்பைடர்-வுமன்' முதல் இதழுக்கு மிலோ மனாரா வரைந்த மாற்று அட்டை இதைத் தெளிவாக்கும். நாயகிக்குக் கழுத்திலிருந்து கால்வரை உடை உண்டு. ஆனாலும் கூரை விளிம்பில் இடுப்பைத் தூக்கி அவள் ஊர்ந்த விதம்தான் உலகெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. துணியை அளந்தால் அந்த அட்டை தேறிவிடும்.

இதற்கு எதிர்ச்சான்று தமிழிலேயே உண்டு. சிவகாசியின் லயன் காமிக்ஸ் 1984இல் தன் முதல் இதழுக்குத் தேர்ந்தது சாகச நாயகி மாடஸ்டி பிளைசியை. திட்டம் தீட்டுவதும் அடிப்பதும் தப்பிப்பதும் அவளே. துணைவன் கார்வின் அவள் சொல்படி நடப்பவன். உடை குறைந்த கட்டங்களில் மை பூசி மறைக்கும் தமிழ்ப் பதிப்பு வழக்கத்தைக் காமிக்ஸ் வாசகர்கள் இன்றும் கிண்டலடிப்பார்கள். மை தோலை மறைக்கும்; நிற்கும் தோரணையை அதனால் மாற்ற முடியாது. மாடஸ்டிக்கு அந்த மை பெரும்பாலும் தேவைப்படவும் இல்லை.

வயது வரம்பிலும் குழப்பம் நீடிக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இருபது வயது நிரம்பாதவர் எல்லாரும் இளையோர். பழைய தண்டனைச் சட்டத்தின் 293ஆம் பிரிவும் அதே இருபதைத்தான் வைத்திருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதை, 295ஆம் பிரிவில் அதைப் பதினெட்டாகக் குறைத்தது. எட்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே இந்தச் சட்டங்கள் எதிலும் ஒரு கோடு கூடக் கிடையாது. அந்தக் கோட்டைப் பதிப்பாளர்தான் போடவேண்டும். அட்டையின் மூலையில் வயதை அச்சிடுவதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.