கருஞ்சீரக எண்ணெய் குடல் அழற்சியைக் குணப்படுத்துமா?

கருஞ்சீரகத்தின் நிவாரணத்தைப் பற்றிய ஹதீஸ் புகாரியில் இடம்பெற்றிருப்பது நாம் அறிந்ததே. அதனால் வீட்டில் ஒருவருக்குக் குடல் அழற்சி நோய் என்று டாக்டர் சொன்னதும், கருஞ்சீரக எண்ணெய் பாட்டிலோடு யாராவது வந்துவிடுகிறார்கள். எண்ணெய் கொடுப்பதில் பெரிய தவறில்லை. "மாத்திரையை நிறுத்திவிடு" என்று சேர்த்துச் சொல்வதுதான் நமக்குக் கவலை தருகிறது.

இந்த நோயில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உள்சுவரில் புண்ணை உண்டாக்கும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடல் சுவரின் ஆழம் வரை போகும். உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குவதால் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வயிற்றுவலி, எடை குறைவு எல்லாம் வருகின்றன. இரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு செய்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது நம்மிடம் அதிகம்.

கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுவினோன் என்ற பொருளைத்தான் ஆய்வாளர்கள் அதிகம் சோதித்திருக்கிறார்கள். எலியின் பெருங்குடலில் அசிட்டிக் அமிலம் போன்ற ரசாயனத்தைச் செலுத்திப் புண்ணை உண்டாக்குவார்கள். ஒரு கூட்டத்துக்கு எண்ணெயோ தைமோகுவினோனோ கொடுத்து, மற்ற கூட்டத்தோடு குடலை ஒப்பிடுவார்கள். கொடுக்கப்பட்ட எலிகளுக்குப் புண்ணும் வீக்கமும் குறைந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் இவற்றில் பலவற்றில் புண் வருவதற்கு முன்பே மருந்து கொடுக்கப்பட்டது. மனிதன் டாக்டரிடம் போவதோ புண் வந்த பிறகு. மேலும் ரசாயனத்தால் ஒரே நாளில் வந்த புண்ணும், வருடக்கணக்கில் வந்து வந்து போகும் நோயும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் நடந்தவை மிகக் குறைவு. ஈரானில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள சில பத்துப் பேருக்கு ஆறு வாரம் கருஞ்சீரகம் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் எண்ணெய் அல்ல, பொடி. ஆயுள் முழுக்க நீளும் நோய்க்கு ஆறு வாரம் போதாது.

சிறிய ஆய்வை நம்பி அவசரப்படக் கூடாது என்பதற்கு மீன் எண்ணெய் நல்ல உதாரணம். 1996ல் இத்தாலியில் 78 கிரோன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் நோய் திரும்பவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 26 சதவீதம்தான். பலரும் உற்சாகமானார்கள். பிறகு 700க்கும் அதிகமானோரிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2008ல் முடிவு வந்தபோது, மீன் எண்ணெயின் ஒமேகா 3 கொழுப்புக்கும் போலி மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருஞ்சீரக எண்ணெய்க்கு அந்த அளவு சோதனை இன்னும் நடக்கவில்லை.

அப்படியானால் ஹதீஸ்? அதன் சொல் பொதுவாக இருந்தாலும் கருதப்படுவது குறிப்பிட்ட நோய்களே என்று இமாம் கத்தாபி விளக்கியதை இப்னு ஹஜர் தம் ஃபத்ஹுல் பாரியில் எடுத்துக் காட்டுகிறார். எனவே டாக்டர் தந்த மருந்தைத் தொடர்வதை ஈமானின் குறைவாக யாரும் பேச வேண்டியதில்லை.

மெசலமைன் போன்ற மருந்துகளை நன்றாக இருக்கும் காலத்திலும் தொடரச் சொல்வது, நோய் திரும்பாமல் இருக்கத்தான். தானாக நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். சிலருக்குப் பெருங்குடலையே அகற்ற வேண்டிய நிலை வரும். பெருங்குடலில் வருடக்கணக்கில் ஆறாத அழற்சி புற்றுநோய் ஆபத்தையும் கூட்டும்.

எண்ணெயும் எடுக்க விரும்பினால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கருஞ்சீரகம் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கலாம் என்பதால், அவற்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடங்கக் கூடாது. கடையில் கிடைக்கும் பாட்டில்களில் தைமோகுவினோன் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும். ஒருவருக்கு ஒத்துக்கொண்ட "ஒரு ஸ்பூன்" இன்னொரு பாட்டிலில் அதே அளவு அல்ல.